அறளையும் சோர்வும்: மலையக முதியோர் இல்லங்களில் பேசப்படாத இரண்டு நோய்கள்

"வயசு போனா அப்படித்தான்" என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் ஒரு வைத்திய முடிவு மாதிரியே வழங்கிவருகிறது. கிழவி சோறு தின்னவில்லை, வயசு போனா அப்படித்தான். கிழவர் இரவிரவாக நடக்கிறார், வயசு போனா அப்படித்தான். பெற்ற மகளையே யாரென்று கேட்கிறார், அதற்கும் அதே பதில்தான்.

இந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு வேறு நோய்கள் மறைந்து கிடக்கின்றன. ஒன்று மனச்சோர்வு. மற்றது டிமென்ஷியா என்று வைத்தியர்கள் சொல்லும் மறதி நோய். நம் நாட்டுப் பேச்சில் 'அறளை பெயர்தல்'. முதலாவதைப் பெரும்பாலும் சுகப்படுத்தலாம். இரண்டாவதை இன்றைய மருந்துகளால் சுகப்படுத்த முடியாது. ஆனாலும் அதோடு வாழ்கிறவரின் நாட்களை இலகுவாக்க நிறையச் செய்யலாம். எது எதுவென்று பிரித்துப் பார்க்காவிட்டால், சுகப்படக்கூடியவர் சுகப்படாமல் மௌத்தாகிறார். சுகப்பட முடியாதவர் குறும்பு செய்கிறார் என்று திட்டு வாங்குகிறார். இந்தக் கட்டுரை அந்தப் பிரிப்பைப் பற்றியது.

நான் வைத்தியர் அல்ல. மலைநாட்டு அரச வைத்தியசாலைகளில் முப்பது வருடத்துக்கு மேல் மருந்துக் கலவையாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். இப்போது ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து முதியோர் இல்லங்கள் சிலவற்றுக்கு மருந்துப் பெட்டி ஒழுங்குபடுத்திக் கொடுக்கப் போய் வருகிறேன். கண்டதையும், வாசித்ததையும், மனநல வைத்தியர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். இல்லங்களின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே வேண்டாம்.

இல்லத்துக்கு வருகிறவர்கள் யார்?

2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 60 வயதைத் தாண்டியோர் 12.4 சதவீதம். அந்தப் பங்கு வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறது. மலையகத்தில் இதற்கு ஒரு தனி வரலாறு உண்டு.

தோட்டத்து லயக் காம்பரா தொழிலாளியின் சொத்து அல்ல. வேலை இருக்கும் வரை வீடு, ஓய்வு பெற்ற பின் மகனோ மருமகளோ பேர் போட்டால் வீடு என்பதே நீண்ட கால வழக்கம். ஊழியர் சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்ததும் ஒரு கல்யாணத்தில், ஒரு கடனில், ஒரு கூரைத் தகரத்தில் கரைந்துவிடும். பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் வெளிநாட்டு வீட்டு வேலைக்கும் போய்விட்டால், ஒரு அறையும் ஒரு அடுப்பும் உள்ள அந்த லயத்தில் முதியவர் தனித்துப் போகிறார்.

இதற்கு முந்திய பிரிவு ஒன்றும் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களின் பெற்றோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் ஸ்ரீமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்குப் போட்டுப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரின் முடிவு பிறகு. இன்று எழுபத்தைந்து, எண்பது வயதில் இருப்பவர்கள் அன்று சிறுவர்களும் இளைஞர்களும். அண்ணன் நீலகிரிக்குப் போனான், தங்கை இங்கே தங்கினாள். தலைமன்னார் கப்பல் 1984இல் நின்றதோடு கடிதமும் நின்றது என்று சொல்கிற பலரை நான் சந்தித்திருக்கிறேன். 'சொந்தக்காரர் யாரும் உண்டா?' என்று இல்லத்துப் பதிவேட்டில் ஒரு கட்டம் இருக்கும். அதில் 'இல்லை' என்று எழுதுகிறோமே, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு கதை கிடக்கிறது.

மனச்சோர்வு: கவலை என்று சொல்லாத கவலை

மனச்சோர்வு உள்ள இளைஞன் 'மனசு சரியில்லை' என்பான். எங்கள் பக்கத்து முதியவர் அப்படிச் சொல்வது குறைவு. "நெஞ்சு அடைக்குதுங்க", "ஒடம்பெல்லாம் எரியுது", "சோறு எறங்க மாட்டேங்குது" என்பார். விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடும். அப்புறம் தூக்கம் இல்லை. முன்பு விருப்பமாக இருந்த ரேடியோப் பாட்டு இப்போது வேண்டாம். பேச்சு சுருங்கும். நடை மெதுவாகும். "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோசனம்?" என்ற கேள்வி அடிக்கடி வரும்.

இது இரண்டு கிழமைக்கு மேல் தொடர்ந்து, சாப்பாடு, தூக்கம், ஆர்வம் எல்லாவற்றையும் தொட்டுவிட்டால் அதை வெறும் கவலை என்று விடக்கூடாது. 2006இல் நாட்டில் 60 வயதைத் தாண்டியோரிடம் எடுத்த ஒரு பரந்த கணிப்பின் தரவுகளை ஆராய்ந்தவர்கள், 27.8 சதவீதத்தினரிடம் கவனிக்க வேண்டிய அளவு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்ததாகக் கண்டார்கள். பெண்களில் அது ஆண்களைவிட அதிகம். அந்தக் கணிப்பு வீடுகளில் எடுத்தது. இல்லத்துக்கு வந்தவர், வீடு, அயல், வேலை, தன் சமையல், தன் கோயில் அல்லது பள்ளி எல்லாவற்றையும் ஒரே நாளில் இழந்தவர். அவரிடம் அது குறைவாக இருக்கும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "செத்தா நல்லது" என்று முதியவர் சொன்னால், 'கிழம் எப்பவும் இதைத்தான் சொல்லும்' என்று தள்ளக்கூடாது. பக்கத்தில் இருந்து, ஏன் அப்படித் தோன்றுகிறது என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் கதைக்கலாம்.

மறதி நோய்: மூளை தேய்கிற நோய்

கண்ணாடியை வைத்த இடம் மறப்பது எல்லோருக்கும் உள்ளது. கண்ணாடி எதற்கு என்பதே மறப்பது நோய். ஜெர்மனியில் அலோயிஸ் அல்ஸைமர் என்ற வைத்தியர் 1906இல் ஒரு பெண் நோயாளியின் மூளையில் தான் கண்ட மாற்றங்களை ஒரு வைத்தியர் கூட்டத்தில் விளக்கினார். அவர் பெயரால் அழைக்கப்படும் வகைதான் இன்றும் அதிகம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கில் மறதி நோயாளரில் 60 முதல் 70 சதவீதம் இந்த வகை. அடுத்தது, மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் அடைபடுவதால் வருவது. கட்டுப்படாத பிரஷரும் சீனி வியாதியும் அதற்கு வழி திறந்துவிடுகின்றன.

நம் நாட்டில் ராகமைப் பகுதியில் 65 வயதுக்கு மேற்பட்ட எழுநூறு பேர் அளவில் பரிசோதித்த ஓர் ஆய்வு 2003இல் வெளிவந்தது. அதில் கிட்டத்தட்ட நூற்றுக்கு நான்கு பேருக்கு மறதி நோய் இருந்தது. வயது ஏற ஏற இந்த விகிதமும் ஏறும்.

நோய் புதிய ஞாபகங்களைத்தான் முதலில் கொண்டுபோகிறது. பழையவை கடைசி வரை நிற்கும். அதனால்தான் தோட்டத்து இல்லங்களில் ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பக் காணலாம். விடிய முந்தி ஒரு மூதாட்டி எழும்பிவிடுவார். "பெரட்டுக்கு நேரமாச்சு, கூடைய எங்க வச்சீங்க?" என்று கேட்பார். ஐம்பது வருடம் அந்த நேரத்துக்கு எழும்பிய உடம்பு அது. 'உனக்குத்தான் வேலையே இல்லையே, படு' என்று அதட்டினால் அவருக்குப் பயமும் கோபமும் வரும். பேர் விழாது, துரை ஏசுவார் என்ற பயம் அவரைப் பொறுத்தவரை உண்மையான பயம். "இன்னைக்கு மழை, மலைக்குப் போறதில்ல, தேத்தண்ணி குடிங்க" என்று ஒரு தாதி சொன்னதைக் கேட்டேன். மூதாட்டி உட்கார்ந்துவிட்டார். நோயாளியைத் திருத்த நிற்காமல் அவருடைய உலகத்துக்குள் போய்ப் பதில் சொல்வது ஒரு பராமரிப்பு முறை. எங்கள் பெண்கள் பலர் அதைப் படிக்காமலே செய்கிறார்கள்.

மாலையில் குழப்பம் கூடுவதும் இந்த நோயின் குணம். ஹட்டன் பக்கத்தில் தென்மேல் பருவ மழைக் காலத்தில் நான்கு மணிக்கே மூட்டம் இறங்கி இருட்டிவிடும். அந்த நேரத்தில் லைட் போடாமல் மின்கட்டணம் மிச்சம் பிடிக்கும் இல்லத்தில் முதியவர்கள் கத்துவதும் வாசலுக்கு ஓடுவதும் அதிகமாக இருப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

பிரித்து அறிவது எப்படி?

1961இல் கிலோ என்ற மனநல வைத்தியர் 'போலி மறதி நோய்' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மனச்சோர்வு முற்றியவர் மறதி நோயாளி போலவே தோன்றலாம், அவருக்குச் சரியான சிகிச்சை கொடுத்தால் ஞாபகமும் திரும்பலாம் என்பது அதன் சாரம். அறுபது வருடம் கடந்தும் இந்தச் செய்தி நம் இல்லங்களை வந்து சேரவில்லை.

வைத்தியரிடம் போகுமுன் நாமே கவனிக்கக்கூடிய சில வேறுபாடுகள் உண்டு. மனச்சோர்வு எப்போது தொடங்கியது என்று ஓரளவு சொல்லலாம்: கணவர் மௌத்தான பின், இல்லத்துக்கு வந்த பின், மகள் பயணம் போன பின். மறதி நோய்க்கு அப்படி ஒரு நாள் கிடையாது. சத்தமில்லாமல் வருடக் கணக்கில் ஊர்ந்து வரும். மனச்சோர்வு உள்ளவரிடம் கேள்வி கேட்டால் "தெரியாது, என்னை விடுங்க" என்பார். மறதி நோயாளர் பிழையான பதிலையாவது சொல்லிச் சமாளிக்கப் பார்ப்பார். சோர்வில் இருப்பவர் தன் மறதியைப் பற்றி முறையிடுவார்; மறதி நோயாளரின் மறதியைப் பற்றி மற்றவர்கள்தான் முறையிடுவார்கள்.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. நேற்று நன்றாக இருந்தவர் இன்று திடீரென ஆள் மாறாட்டமாகப் பேசுகிறார், இல்லாததைக் காண்கிறார், பகலில் தூங்கி இரவில் கத்துகிறார் என்றால், அது சோர்வும் அல்ல, அறளையும் அல்ல. சிறுநீர்த் தொற்று, சளிக் காய்ச்சல், தண்ணீர் குறைவு, மலச்சிக்கல், புதிய மருந்து, விழுந்து தலையில் அடிபட்டது ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை அது. தைரொயிட் குறைவும் விட்டமின் பி12 குறைவும்கூட மறதியைக் கொண்டுவரும். இரத்தப் பரிசோதனை அவற்றைக் காட்டிவிடும்.

இதில் சிக்கல் என்னவென்றால், இரண்டு நோயும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் வரும். மறதி நோய் தொடங்கும்போது, தனக்கு என்னவோ ஆகிறது என்று விளங்குகிற காலத்தில், சோர்வும் வருவது சகஜம். 2024இல் லான்செட் ஆணைக்குழு மறதி நோய்க்கு இட்டுச் செல்லும் 14 காரணிகளைப் பட்டியலிட்டது. படிப்புக் குறைவு, காது கேளாமை, பார்வைக் குறைவு, உயர் பிரஷர், சீனி வியாதி, மது, புகைத்தல் ஆகியவற்றோடு மனச்சோர்வும் தனிமையும் அதில் இருக்கின்றன. எல்லாவற்றையும் சரிசெய்தால் உலகில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் மதிப்பீடு. பட்டியலை வாசிக்கும்போது லயத்து வாழ்க்கையின் வரலாற்றை வாசிப்பது போலவே எனக்கு இருந்தது.

பரீட்சைக் கேள்வியும் கொழுந்துக் கையும்

மறதியை அளக்க உலகெங்கும் வழங்கும் ஒரு சோதனை 1975இல் வந்தது; மொத்தம் 30 புள்ளி. இன்று என்ன திகதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், ஒரு வசனம் எழுதுங்கள், இந்தப் படத்தைப் பார்த்து வரையுங்கள் என்று போகும். பிள்ளைக் காம்பராவிலிருந்து நேரே மலைக்குப் போன பெண்ணிடம், பென்சில் பிடித்தறியாத கையிடம், இதைக் கொடுத்தால் என்ன புள்ளி வரும்? நோயில்லாமலே தோற்றுப் போவார். அதுவும் கேள்வி கேட்பவர் சிங்களத்தில் கேட்டு, கூட வந்த பராமரிப்பாளர் அரைகுறையாகத் தமிழாக்கினால், சோதிக்கப்படுவது மூளையா மொழிபெயர்ப்பா என்றே தெரியாது. அப்படி நடந்த ஒரு சோதனையை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவர் அறளை என்ற சீட்டோடு திரும்பினார். அவருக்குக் காது கேட்கவில்லை என்பதை யாரும் பார்க்கவில்லை.

இந்தக் குறையை அறிந்துதான் 1998இல் '10/66' என்ற ஆய்வுக் குழு தோன்றியது. மறதி நோயாளரில் 66 சதவீதம் வளர்முக நாடுகளில். ஆனால் ஆய்வில் 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை. பெயரின் பொருள் அது. சென்னையும் வேலூரும் அதன் ஆய்வுக் களங்களில் இருந்தன. படிப்பறிவில்லாதவரையும் நியாயமாகச் சோதிக்கிற, கூட இருப்பவரிடமும் கேட்டு எழுதுகிற முறையை அவர்கள் பயன்படுத்தினார்கள். கிராமத்துக் குடும்பங்களில் முதியவரிடம் யாரும் பெரிதாக எதையும் எதிர்பார்ப்பதில்லை. அதனால் அவர் எதைச் செய்ய முடியாமல் போனார் என்பது வீட்டாருக்கே தெரிவதில்லை என்ற சிக்கலும் அங்கே வெளிப்பட்டது. இல்லத்திலும் இதே கதைதான். எல்லா வேலையையும் மற்றவர் செய்து கொடுக்கும் இடத்தில், ஒருவர் எதை இழந்தார் என்று எப்படித் தெரியும்?

எனவே கிளினிக்குக்குப் போகும்போது ஒரு கொப்பியைக் கொண்டுபோங்கள். ஆறு மாதத்துக்கு முன் இவர் தானாகச் சேலை உடுத்தாரா, தேத்தண்ணி ஊற்றினாரா, மலசலகூடத்துக்கு வழி தெரிந்ததா, பக்கத்துக் கட்டில்காரியின் பெயர் சொன்னாரா, இன்று எப்படி என்று நான்கு வரி எழுதினால் போதும். வைத்தியருக்கு எந்தப் புள்ளியையும்விட அது உதவும். காது, கண் இரண்டையும் முதலில் பரிசோதித்துவிட்டுப் போவது அதைவிட நல்லது.

மருந்துப் பெட்டிக்குள்

இது என் தொழில் என்பதால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். முதியவரின் குழப்பத்துக்குச் சில வேளை நாம் கொடுக்கும் வில்லையே காரணம்.

தடிமனுக்கும் அரிப்புக்கும் நம் வீடுகளில் மிட்டாய் மாதிரிப் பாவிக்கும் மஞ்சள் வில்லை, குளோர்பெனிரமின், முதியவருக்குத் தூக்கக் கலக்கத்தையும் ஞாபகக் குழப்பத்தையும் தரும், சிறுநீரையும் அடைக்கலாம். தூக்கத்துக்குக் கொடுக்கும் டயஸபாம் முதிய உடம்பில் நாள்கணக்கில் தங்கும். விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு அது ஒரு காரணம். நடுக்கத்துக்குக் கொடுக்கும் பென்ஸெக்ஸோலும் குழப்பத்தைக் கூட்டும். கத்துகிறார் என்பதற்காகக் கொடுக்கும் மனநோய் மருந்துகளைப் பற்றி, அவை மறதி நோயுள்ள முதியோரின் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005இலேயே கடும் எச்சரிக்கை விட்டது. சில வேளை அவை தேவைப்படும். ஆனால் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு, வைத்தியர் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு கொடுக்க வேண்டியவை அவை. ஆள் குறைவு என்பதற்காக இரவில் எல்லோரையும் தூங்கவைக்கும் சாதனம் அல்ல.

மனச்சோர்வு மருந்து வேறு விஷயம். புளுவொக்ஸடீன், ஸெர்ட்ரலீன் போன்றவை வேலை செய்ய நான்கு, ஆறு கிழமை பிடிக்கும். பத்து நாளில் 'ஒன்றும் சரிவரல்ல' என்று நிறுத்திவிடுகிறார்கள். பிழை அங்கேதான். மறதி நோய்க்கான டொனெபெஸில் சிலருக்குக் கொஞ்ச காலம் நிலைமையைத் தாங்கிப் பிடிக்கும், நோயை நிறுத்தாது. எதையும் தானாகத் தொடங்கவும் வேண்டாம், திடீரென நிறுத்தவும் வேண்டாம். எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கிளினிக்கில் காட்டி, 'இதில் எதைக் குறைக்கலாம்?' என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

காசில்லாமல் செய்யக்கூடியவை

நல்ல இல்லம் என்பது டைல் பதித்த இல்லம் அல்ல. நான் பார்த்ததில் ஆட்கள் அமைதியாக இருந்த இல்லம் ஒன்றில் செய்தவை இவை. பெரிய எழுத்தில் நாளும் கிழமையும் எழுதிய பலகை. மலசலகூடக் கதவுக்கு மட்டும் வேறு நிறம். வெயில் வந்த உடனே எல்லோரும் வெளியே வாங்கில். கை வேலை: கீரை ஆய்வது, பயறு புடைப்பது, துணி மடிப்பது. வேலை செய்தே வாழ்ந்தவருக்கு ஓய்வு ஒரு தண்டனை. பாதிக் கூடை இலையைக் கையில் கொடுத்தால் அந்த விரல்கள் தாமாகவே தெரிந்து பிடுங்கும், முகம் மாறிவிடும்.

அழைக்கும் முறையும் முக்கியம். எல்லோரையும் 'பாட்டி' 'தாத்தா' என்று ஒரே குரலில் கூப்பிடாமல், அவரவர் பெயரோடு, அவரவர் தோட்டத்தில் எப்படி அழைத்தார்களோ அப்படிக் கூப்பிட வேண்டும். பெயர்தான் கடைசியில் மறையும் உடைமைகளில் ஒன்று.

சட்டமும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 60 வயதைத் தாண்டியவரை முதியவர் என்கிறது. பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே கைவிடக்கூடாது என்கிறது. பராமரிப்புக் கேட்டு முறையிடச் சபை ஒன்றையும், முதியோருக்குச் சேவை செய்யும் நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும் என்ற ஏற்பாட்டையும் வைத்திருக்கிறது. பிரதேச செயலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். பதிவில்லாத இல்லத்துக்கு அரிசி மூட்டை கொடுக்குமுன், 'ஏன் பதியவில்லை?' என்று கேட்பதும் ஒரு ஸதகாதான்.

நம் பங்கு

'நம்மட ஆட்கள் உம்மா வாப்பாவை ஹோமுக்கு விடுறதில்ல' என்று பெருமையாகச் சொல்கிறோம். அது ஓரளவு உண்மை, நல்ல விஷயமும்கூட. ஆனால் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாக் கடைத்தெருக்களின் பின்னறைகளில், ஆள் வந்தால் கதவைச் சாத்திவைக்கும் மூத்தம்மாமாரையும் எனக்குத் தெரியும். அங்கே முழுப் பாரமும் ஒரு மருமகளின் தலையில். அவள் இரவில் தூங்குகிறாளா என்று ஜமாஅத்தில் யாரும் கேட்பதில்லை. வீட்டில் வைத்திருப்பதும் வீட்டில் பார்ப்பதும் ஒன்றல்ல.

அறிந்த பின் ஒன்றும் அறியாத நிலைக்குத் திரும்பும் முதுமையைப் பற்றிக் குர்ஆன் இரண்டு இடங்களில் பேசுகிறது (16:70, 22:5). அப்படி ஒரு நிலை வரும் என்பது நமக்கு முன்னமே சொல்லப்பட்ட செய்தி. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அறிவு நீங்கியவரிடமிருந்து கடமையும் நீங்கிவிடுகிறது என்பது ஃபிக்ஹில் அறியப்பட்ட விதி. ஆகவே ரக்அத் எண்ணிக்கை பிழைத்ததற்காகவும், தொழுததை மறந்து திரும்பத் தொழுவதற்காகவும் ஒரு முதியவரை ஏசாதீர்கள். தொழ விரும்பினால் முஸல்லாவை விரித்துக் கொடுங்கள். எல்லாம் போன பின்னும் ஸூரத்துல் ஃபாத்திஹா நாவில் நிற்பதைப் பலரிடம் கண்டிருக்கிறேன். நோன்பு, ஃபித்யா பற்றி ஆலிம்களிடம் கேளுங்கள். ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஜின் பிடித்தது, சூனியம் என்று சொல்லி ஆறு மாதம் இழுத்தடித்தால் சுகப்படக்கூடிய சோர்வும் முற்றிவிடும். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பிறந்த அபூ ஸைத் அல்-பல்கீ உடலையும் உள்ளத்தையும் பேணுவது பற்றி எழுதிய நூலில், காரணம் தெரிந்த துக்கத்தையும் காரணம் தெரியாத துக்கத்தையும் பிரித்து, இரண்டுக்கும் வேறு வேறு சிகிச்சை சொன்னார். நம் மரபுக்கு இது அந்நியமான பேச்சல்ல.

தோட்டத்து முதியோரும் நம் அயலவர்தான். எத்தனையோ குடும்பங்களின் கடை, தோட்டத்து ஆட்களின் கடன் கொப்பியால் வளர்ந்தது. சம்பள நாளில் முதல் காசு நம் கல்லாவுக்கு வந்தது. அந்தக் கொப்பியில் பெயர் இருந்தவர்கள் இன்று இல்லத்துக் கட்டிலில் இருக்கிறார்கள். நோன்பு காலத்தில் பார்சல் கொண்டுபோகிறோம். மற்றச் சமூகத்தவரும் விசேஷ நாட்களில் தானம் கொடுக்கிறார்கள். அன்றைக்குச் சாப்பாடு மிஞ்சும். ஆனால் மழை பெய்கிற ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் வாசலில் யாரும் வருவதில்லை.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் இளைஞர் சங்கங்களிடமும் நான் கேட்பது இதுதான். ஒரு இல்லத்தைத் தெரிவு செய்யுங்கள். கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் இரண்டு பேர் போங்கள். அவர்களே தொடர்ந்து போனால்தான் முகம் பழகும். கிளினிக் நாளில் தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவர் கூடப் போங்கள். வருடத்துக்கு ஒரு முறை காதும் கண்ணும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். வீட்டில் பார்க்கிற மருமகளுக்கும் மகளுக்கும் கிழமையில் ஒரு அரை நாள் ஓய்வு கொடுக்கப் பெண்கள் முறை போட்டுக்கொள்ளுங்கள். பெரிய நிதி வேண்டாம். ஒரு பிரியாணி அண்டாவின் செலவில் ஒரு வருடம் பஸ் காசு வரும். யாராவது தொடர்ந்து போய், பேர் சொல்லிக் கூப்பிட்டு, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று கவனித்தால், சோர்வு எது, அறளை எது என்று வைத்தியருக்குச் சொல்ல ஒரு ஆள் இருப்பார். இன்று பல கட்டில்களுக்கு இல்லாதது அந்த ஒரு ஆள்தான்.